ஒரே எஸ்டேட் பிளாக் டீயை ருசிச்சு ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஒரே எஸ்டேட்ல பறிச்சு, வேற தோட்டத்து இலை எதுவும் கலக்காம பாக்கெட் ஆகி வர்ற டீயைத்தான் சிங்கிள் எஸ்டேட் டீன்னு சொல்றாங்க. இங்க பிளாக் டீன்னு சொல்றது பால் ஊத்தாத டீயை இல்ல, இலையை புளிக்க விட்டு உலர்த்தின டீ வகையை. பொதுவா கிடைக்கிற பாக்கெட் டீ அப்படி கிடையாது. பல தோட்டத்து தூளை கலந்து வருஷம் பூரா ஒரே ருசி வர்ற மாதிரி பாத்து பாத்து சேப்பாங்க, அதுவும் பெரிய திறமைதான், குறைச்சு சொல்லல. ஆனா சிங்கிள் எஸ்டேட் டீல ருசி வருஷத்துக்கு வருஷம் மாறும், மாசத்துக்கு மாசம் மாறும், சில நேரம் பக்கத்து பக்கத்து நாள்ல பறிச்ச ரெண்டு லாட் கூட ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. மழை, வெயில், மலை உயரம், செடியோட ரகம், ஃபேக்டரில இலையை எவ்வளவு நேரம் வாட்டுனாங்க, எவ்வளவு நேரம் புளிக்க விட்டாங்க, எல்லாமே கப்புல வந்து நிக்கும்.

இதை கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி ஒப்பிட்டுக் குடிக்கிறதுதான். ஒரு டீயை மட்டும் தனியா போட்டுக் குடிச்சா "நல்லாருக்கு", "ஸ்ட்ராங்கா இருக்கு" இதுக்கு மேல வார்த்தை வராது. பக்கத்துல இன்னொரு கப்பு இருந்துச்சுன்னா உடனே இதுல வாசனை மேல நிக்குது, அதுல தொண்டைல துவர்ப்பு இழுக்குது, இது சீக்கிரம் மறையுது, அது நேரமாகியும் வாய்லயே இருக்குன்னு தானா சொல்ல வரும். நாக்கு ஸ்பெஷலா இருக்கணும்னு எல்லாம் இல்ல. ரெண்டு கப்பையும் ஒரே மாதிரி போடத் தெரிஞ்சா போதும், மீதி பழக்கத்துல வந்துரும். அதனால இந்த கட்டுரைல கணிசமான பகுதி "ஒரே மாதிரி போடுறது" பத்திதான் இருக்கும், அது சலிப்பா தெரிஞ்சாலும் தாண்டிப் போயிடாதீங்க, அதுதான் விஷயமே.

எதை எதோட வைக்கிறது

முதல் தடவைக்கு ரெண்டு டீ போதும், மிஞ்சிப்போனா மூணு. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கற மாதிரி தேர்ந்தெடுங்க. தோட்டம் வேற, சீசன் வேற, இலை சைஸ் வேற, வருஷம் வேறன்னு எல்லாமே வேற வேறயா எடுத்து வச்சா ருசி மாறுறது தெரியும், ஆனா எதனால மாறுதுன்னு சத்தியமா தெரியாது.

நான் எப்பவும் முதல்ல சொல்ற ஜோடி, ஒரே டார்ஜிலிங் தோட்டத்தோட ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ஷும் செகண்ட் ஃப்ளஷ்ஷும். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்னா குளிர் முடிஞ்சு செடி தூங்கி எந்திரிச்சதும் வர்ற முதல் கொழுந்து, பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும். செகண்ட் ஃப்ளஷ் மே, ஜூன்ல வர்றது. அதே மண்ணு, அதே செடி, நடுவுல ரெண்டு மூணு மாசம்தான், ஆனா புதுசா குடிக்கிறவங்க இது ரெண்டும் ஒரே தோட்டம்னு சொன்னா நம்ப மாட்டாங்க. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் வெளிறின தங்க நிறத்துல, பூ வாசனையோட, கொஞ்சம் பச்சை வாடையோட இருக்கும், ஏன்னா இலையை ரொம்ப நல்லா வாட்டி ஈரத்தை இழுத்துடுறாங்க, அதனால ஆக்சிடேஷன் (மேல புளிக்க விடுறதுன்னு சொன்னது இதைத்தான்) முழுசா நடக்கறதில்ல, காஞ்ச இலைலயே பச்சை கலந்து தெரியும். செகண்ட் ஃப்ளஷ் செம்பு நிறத்துல, கனமா, மஸ்கட் திராட்சை மாதிரி ஒரு வாசனையோட வரும், அதைத்தான் மஸ்கடெல்னு சொல்றாங்க. அந்த வாசனைக்கு ஒரு முக்கிய காரணம் தத்துப்பூச்சி. குட்டி குட்டிப் பூச்சி வந்து கொழுந்துல சாறை உறிஞ்சும், செடி தன்னை காப்பாத்திக்க சில வாசனைப் பொருளை உண்டாக்கும், அதுதான் பின்னாடி நம்ம கப்புக்கு வருது. எனக்கு டீ உலகத்துலயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான், பூச்சி கடிச்ச இலைக்கு மவுசு கூடுறது.

வேற ஜோடிகளும் இருக்கு. இலங்கைல 1,200 மீட்டருக்கு மேல விளையுறதை ஹை க்ரோன்னும் 600 மீட்டருக்கு கீழ விளையுறதை லோ க்ரோன்னும் பிரிப்பாங்க. நுவரெலியா பக்கத்து ஒரு ஹை க்ரோன் டீயையும் சப்ரகமுவா இல்லன்னா ருஹுண பக்கத்து லோ க்ரோன் டீயையும் பக்கத்துல வச்சா உயரம் என்ன பண்ணுதுன்னு கண்ணாலயே பாக்கலாம், முதல்ல சொன்னது மெல்லிசா, வெளிர் நிறமா, பூ மாதிரி இருக்கும், ரெண்டாவது கருஞ்சிவப்பா இனிப்பு கலந்து கெட்டியா இருக்கும். ஊவா டீ கிடைச்சா ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள பறிச்சதா பாருங்க, அப்ப அடிக்கிற காஞ்ச காத்துல இலைல ஒரு மெந்தால் மாதிரி குளிர்ச்சி வாசனை ஏறும், மெத்தில் சாலிசிலேட்ங்கிற பொருள்தான் அது. இலங்கைலயே திம்புலவுக்கு நல்ல சீசன் ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும். நீலகிரிக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி குளிர்ல வர்ற ஃப்ராஸ்ட் டீ. அஸ்ஸாமுக்கு மே, ஜூன் செகண்ட் ஃப்ளஷ், தங்க நிற மொட்டு கலந்து மால்ட் வாசனையோட வரும். சீனால அன்ஹுய் மாகாணத்து கீமன் ஒண்ணு எப்பவாவது ட்ரை பண்ணுங்க, 1875 வாக்குல இருந்து அங்க பிளாக் டீ பண்றாங்க, துவர்ப்பு ரொம்ப கம்மி, லேசான புகை கலந்த ரோஜா வாசனைன்னு சொல்லலாம், இந்திய டீ குடிச்சு பழகினவங்களுக்கு அது ஒரு தனி அனுபவம்.

லேபிளை படிக்கிறது

நல்ல சிங்கிள் எஸ்டேட் பாக்கெட்ல தோட்டத்து பேர், சீசன் இல்லன்னா பறிச்ச தேதி, கிரேடு, லாட் அல்லது இன்வாய்ஸ் நம்பர் இருக்கும். டார்ஜிலிங்ல டிஜே 1ன்னு போட்டிருந்தா அந்த வருஷம் அந்த தோட்டத்துல இருந்து வந்த முதல் லாட்னு அர்த்தம், டிஜே 2, டிஜே 3ன்னு அப்படியே போகும். சில பாக்கெட்ல செடி ரகமும் போட்டிருப்பாங்க, ஏவி2, பி312 மாதிரி, இல்ல வெறுமனே சைனான்னு (நாட்டை இல்ல, சீன வகைச் செடியைச் சொல்றது). வெறும் "டார்ஜிலிங்"னு மட்டும் போட்டு தோட்டத்து பேர் இல்லைன்னா அது பல தோட்டத்து கலவையா இருக்கலாம். டார்ஜிலிங்னு பேர் போட்டுக்க உரிமை இருக்கறது 87 தோட்டத்துக்குத்தான், 2004லயே புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க, காசில்டன், மார்கரெட்ஸ் ஹோப், ஜங்பனா, கூம்டீ எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கற பேர்தான்.

இப்ப கிரேடு. எஸ்எஃப்டிஜிஎஃப்ஓபி, பிஓபி, பிஓபிஎஃப்னு நீளமா எழுத்து வரிசை பாத்து நிறைய பேர் மிரண்டுடுவாங்க, இல்லன்னா எழுத்து கூட கூட ருசி கூடும்னு நினைச்சுப்பாங்க. கிரேடு முக்கியமா சொல்றது இலையோட சைஸும் தோற்றமும்தான். ஓபின்னா முழு இலை, பிஓபின்னா உடைச்ச இலை, அதுக்கும் கீழ ஃபேனிங்ஸ், அதுக்கும் கீழ டஸ்ட். டி, ஜி எல்லாம் சேர்ந்தா நுனி மொட்டு நிறைய இருக்குன்னு அர்த்தம். ஒரு நல்ல தோட்டத்து பிஓபி சுமாரான தோட்டத்து எஸ்எஃப்டிஜிஎஃப்ஓபியை தாராளமா தூக்கி சாப்பிடும். ஒப்பிடும்போது மட்டும் கிரேடை கவனிக்கணும், ஏன்னா உடைஞ்ச இலை சீக்கிரம் இறங்கும், அடர்த்தியா இறங்கும், முழு இலை பக்கத்துல வச்சா அது ஸ்ட்ராங்னு தோணும், ஆனா அது தோட்டத்தோட குணம் இல்ல, வெறும் சைஸ். அதே மாதிரி சிடிசி டீயையும், அதாவது 1930கள்ல அஸ்ஸாம்ல வந்த அந்த நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற மெஷின்ல போட்டு எடுத்த குருணை டீயையும், ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய முறைல இலையை உருட்டி எடுத்த இலை டீயையும் பக்கத்துல வச்சு எது பெஸ்ட்னு கேக்காதீங்க. சிடிசியோட சிடிசி, ஆர்த்தடாக்ஸோட ஆர்த்தடாக்ஸ்.

சாமான்

ஒரே அளவு, ஒரே வடிவத்துல வெள்ளை பீங்கான் கப்பு நாலு (ரெண்டு ஊற வைக்க, ரெண்டு வடிகட்ட), மூடுறதுக்கு ரெண்டு சாஸர், 0.1 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன தராசு, ஒரு டைமர், வடிகட்டி, சூப் ஸ்பூன் மாதிரி குழிவான ஸ்பூன், துப்புறதுக்கு ஒரு பெரிய டம்ளர், நோட்டு பேனா. வெள்ளை ஏன் முக்கியம்னா கலர் கப்புல டிகாஷன் நிறம் ஏமாத்தும். தராசு இல்லாம ஸ்பூன் கணக்குல போடலாமான்னு கேட்டா, குடிக்கிறதுக்கு போடலாம், ஒப்பிட முடியாது. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் இலை பெருசு, லேசு, ஒரு ஸ்பூன்ல ஒண்ணரை கிராம்தான் நிக்கும், அதே ஸ்பூன்ல சிடிசி அள்ளினா மூணு கிராம் ஏறிடும், அப்புறம் எது ஸ்ட்ராங்னு பேசி என்ன பிரயோஜனம்.

தண்ணி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லியே ஆகணும், கப்புல இருக்கறது பெரும்பாலும் அதுதானே. கடினத் தண்ணில கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகம் இருக்கும், அதுல டீ போட்டா மேல எண்ணெய் படலம் மாதிரி ஒரு ஆடை மிதக்கும், நிறம் கருத்து மங்கிடும், வாசனை அமுங்கிடும், ஒரு அருமையான ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் கூட அந்த தண்ணில ஊமையாயிடும். டீ சரியில்லன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி தண்ணியை மாத்திப் பாருங்க. டிடிஎஸ், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு, தாதுக்களோட அளவு, 50ல இருந்து 150க்குள்ள இருக்கற, தனியா எந்த ருசியும் வாடையும் இல்லாத தண்ணி என் அனுபவத்துல நல்லா வேலை செய்யுது, முழுக்க தாது நீக்கின தண்ணில டீ கொஞ்சம் வெறுமையா படும். எந்த தண்ணி எடுத்தாலும் ரெண்டு கப்புக்கும், அடுத்த தடவைக்கும், அதுக்கு அடுத்த தடவைக்கும் அதே தண்ணியா இருக்கட்டும். புதுசா பிடிச்சு ஒரு தடவை தளதளன்னு கொதிக்க வச்சு உடனே ஊத்துங்க. மலை மேல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம், 300 மீட்டர் ஏற ஏற கொதிநிலை கிட்டத்தட்ட 1 டிகிரி குறையும், 2,000 மீட்டர்ல 93 டிகிரிலயே கொதிச்சுரும், அதனால கீழ குடிச்ச டீயோட நோட்ஸை அங்க குடிக்கிற டீயோட ஒப்பிட வேணாம்.

போடுறது

இதுக்குன்னு ஒரு சர்வதேச தரமே இருக்கு, ஐஎஸ்ஓ 3103, 1980ல வந்துச்சு, 2019ல திருத்தினாங்க. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிக்கிற தண்ணி, மூடி வச்சு 6 நிமிஷம். இது குடிக்க ருசியா டீ போடுற முறை இல்ல. எல்லாரும் ஒரே மாதிரி போட்டு ஒப்பிட முடியணும்ங்கிறதுக்காக வச்ச முறை. கொஞ்சம் கடுமையா இறங்கும், அது நல்லதுதான், நேரம் கூட விடும்போதுதான் டீல இருக்கற குறை எல்லாம் வெளில வரும். தொழில்முறை டேஸ்டர்ஸ் நிறைய பேர் 5 நிமிஷம் விடுவாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது 100 மில்லிக்கு 2 கிராம், 5 நிமிஷம், எல்லா பிளாக் டீக்கும் ஒரே கணக்கு. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்க்கு மட்டும் 90 டிகிரி, 3 நிமிஷம்னு பாக்கெட்ல போட்டிருக்கேன்னு கேப்பீங்க, அது நிதானமா உக்காந்து ரசிச்சு குடிக்கறதுக்கு, அப்ப அப்படியே பண்ணுங்க. ஒப்பிடும்போது ரெண்டுக்கும் ஒரே சட்டம்.

தனியா பண்றீங்கன்னா ரெண்டு கப்புக்கும் ஒரே நேரத்துல தண்ணி ஊத்த முடியாது, அதுக்கு ஒரு சின்ன வழி இருக்கு. இலையை எடை போட்டு ரெண்டு கப்புலயும் போட்டு வச்சுட்டு, முதல் கப்புல ஊத்தினதும் டைமரை ஓட விடுங்க, மூடுங்க, கெட்டிலை திருப்பி அடுப்புல வச்சு ஒரு கொதி வர விட்டு, 30 செகண்ட் ஆனதும் ரெண்டாவது கப்புல ஊத்துங்க. 5 நிமிஷம் ஆனதும் முதல் கப்பை வடிகட்டுங்க, ஐந்தரைக்கு ரெண்டாவது. அதே வரிசை, அதே இடைவெளி. வடிகட்டும்போது இலையை ஸ்பூனால அழுத்திப் பிழியாதீங்க, பிழிஞ்சா துவர்ப்பு கூடுதலா இறங்கி கணக்கு கெட்டுடும், கவுத்து வச்சு கடைசி சொட்டு வரைக்கும் தானா இறங்க விடுங்க.

கண்ணும் மூக்கும் முதல்ல

காஞ்ச இலையை ஊற வைக்கறதுக்கு முன்னாடியே ஒரு வெள்ளை பேப்பர்ல கொட்டிப் பாருங்க. சைஸ் ஒரே சீரா இருக்கா, குச்சி நிறைய கிடக்கா, நல்லா முறுக்கிருக்கா, மொட்டு இருக்கா. உள்ளங்கைல கொஞ்சம் எடுத்து வாயால சூடா ஊதிட்டு மோந்து பாருங்க, அந்த ஈரத்துல வாசனை எந்திரிச்சு வரும். ஆனா இலை அழகா இருக்குன்னு டீக்கு மார்க் போட்டுடாதீங்க, அழகான இலை சுமாரா இறங்கறதும் உண்டு, பாக்க ஒண்ணுமில்லாத இலை அசத்தறதும் உண்டு.

என்னை கேட்டா காஞ்ச இலை, ஊறின இலை, டிகாஷன் இந்த மூணுல முக்கியமானது ஊறின இலைதான், நிறைய பேர் அதை பாக்காமலே தூக்கி போட்டுடறாங்க. வடிகட்டினதும் இலையை சாஸர்ல கவுத்து ஆவி பறக்கும்போதே மூக்கை கிட்ட கொண்டு போங்க. முதல் அரை நிமிஷம் வர்ற வாசனை திரும்பி வராது. இந்த சாஸர்ல ஒரு தடவை, அந்த சாஸர்ல ஒரு தடவை, திருப்பி இது, திருப்பி அது. டார்ஜிலிங் செகண்ட் ஃப்ளஷ்ல பழுத்த பழ வாசனை இங்கதான் பலமா தெரியும், கப்புல அதுல பாதிதான் வரும். அப்புறம் இலையை விரலால பிரிச்சுப் பாருங்க. பளிச்சுன்னு புது செம்புக் காசு நிறத்துல இருந்தா நல்லா பதமா ஆக்சிடைஸ் ஆகி சரியா உலர்த்திருக்காங்கன்னு அர்த்தம். கருத்து மங்கி இருந்தா புளிக்க விட்ட நேரம் கூடிப்போயிருக்கலாம், இல்ல உலர்த்துறப்போ சூடு கூடிருக்கலாம். பச்சை திட்டா இருந்தா ஆக்சிடேஷன் முழுசா நடக்கல, ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்ல அது வேணும்னே பண்றது, அஸ்ஸாம்ல இருந்தா அது குறை. முழு இலையா பிரிஞ்சா ரெண்டு இலையும் ஒரு மொட்டும் அப்படியே காம்போட இருக்கான்னு தேடிப் பாருங்க, எவ்வளவு கவனமா பறிச்சிருக்காங்கன்னு அந்த ஒரு கொழுந்து சொல்லிடும்.

டிகாஷன் நிறத்துல அடர்த்தியை விட பளபளப்பைத்தான் பாக்கணும். கப்போட விளிம்புல டிகாஷன் பீங்கானைத் தொடுற இடத்துல ஒரு தங்க வளையம் மின்னினா அது நல்ல அறிகுறி, தியாஃப்ளேவின்னு ஒரு பொருள் இலை ஆக்சிடைஸ் ஆகும்போது உண்டாகும், பளிச்சுன்னு இருக்கறதுக்கும் நாக்குல அந்த துடிப்பு வர்றதுக்கும் அது ஒரு முக்கிய காரணம். கருஞ்சிவப்பு நிறமும் கனமும் தியாரூபிஜின்ல இருந்து வருது. ஆக்சிடேஷன் நீள நீள முதல்ல சொன்னது குறைஞ்சு ரெண்டாவது கூடும், அதனாலதான் ரொம்ப நேரம் புளிக்க விட்ட டீ கருப்பா இருக்கும் ஆனா உயிர் இருக்காது.

வாய்ல வைக்கிறது

கொதிக்க கொதிக்க குடிக்காதீங்க, சூட்டுல நாக்குக்கு ஒண்ணும் தெரியாது, வெந்துட்டா அன்னிக்கு பூரா ருசி போச்சு. வாய் பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் ஸ்பூன்ல எடுத்து சத்தமா உறிஞ்சுங்க. டீ மட்டும் இல்லாம காத்தும் சேர்ந்து உள்ள போகணும், அது தெறிச்சு வாய் முழுக்க, மேலண்ணம் வரைக்கும் படணும். வாசனை தொண்டைக்கு பின்பக்கமா மூக்குக்கு ஏறும், ருசின்னு நாம நினைச்சுக்கறதுல பெரும்பகுதி அந்த வழியா வர்ற வாசனைதான், சந்தேகமா இருந்தா மூக்கை பொத்திக்கிட்டு ஒரு வாய் உறிஞ்சிட்டு பாதில விரலை எடுத்துப் பாருங்க, டப்புன்னு எல்லாம் வந்து சேரும். வாய்ல ரெண்டு மூணு செகண்ட் உருட்டிட்டு துப்பிடுங்க. துப்பறது கூச்சமா இருக்கும், ஆனா அஞ்சாறு டீயை முழுங்கினா காஃபீன் ஏறி படபடன்னு ஆயிடும், வெறும் வயித்துல இருந்தா குமட்டும், அதனால எதையாவது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு உக்காருறது நல்லது. சென்ட் போட்டுக்கிட்டு உக்காராதீங்க, காரமா சாப்பிட்ட கையோடவும் வேணாம்.

என்ன கவனிக்கணும்னா, முதல்ல துவர்ப்பு. துவர்ப்பும் கசப்பும் வேற வேற. கசப்பு நாக்குல தெரியற ருசி, துவர்ப்பு தொடு உணர்ச்சி, எச்சில்ல இருக்கற புரோட்டீனை டீல இருக்கற பாலிஃபினால் பிடிச்சுக்கறதால கன்னத்து உள்பக்கமும் ஈறும் இழுத்து காயற மாதிரி இருக்கும். அந்த இழுப்பு வந்து உடனே விட்டு எச்சில் ஊறினா அதைத்தான் பிரிஸ்க்னு பாராட்டுவாங்க, நல்ல ஹை க்ரோன் டீல, நல்ல அஸ்ஸாம்ல எல்லாம் இது இருக்கும். இழுத்தது விடாம சொரசொரன்னு அப்படியே நின்னா அது முரடு. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுட்டா பாதி கிணறு தாண்டின மாதிரி.

அடுத்து பாடி, அதாவது வாய்ல எவ்வளவு கனமா நிக்குதுங்கறது. இதை நிறத்தோட குழப்பிக்காதீங்க, வெளிர் நிற டீ கனமா இருக்கலாம். கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கப்பையும் மாத்தி மாத்தி உறிஞ்சிப் பாத்தா சட்டுன்னு தெரியும். அப்புறம் வாசனை எந்த நேரத்துல வருது, முதல்லயா, நடுவுலயா, துப்பின பிறகா. கடைசியா பின்ருசி எவ்வளவு நேரம் நிக்குது. டைமர் கைலதானே இருக்கு, எண்ணிப் பாருங்க.

முதல் சுத்துல ருசிக்கு பேர் வைக்க அவசரப்படாதீங்க. தேன், ரோஜா, மால்ட்னு பாக்கெட்ல எழுதியிருக்கறதை முன்னாடியே படிச்சுட்டா மூளை அதையே தேடும். முதல்ல "இதை விட அது" மட்டும் எழுதுங்க, அதை விட இனிப்பு, அதை விட மெல்லிசு, சீக்கிரம் மறையுது. பேர் அப்புறம் வரட்டும்.

ஆற விட்டு திருப்பி குடிக்கறதை யாரும் விட்டுடாதீங்க, எனக்கு இது ரொம்ப முக்கியம். சூடா இருக்கும்போது எல்லா டீயும் ஓரளவு நல்லாத்தான் இருக்கும். வெதுவெதுப்பா ஆனதும் மறைஞ்சிருந்த இனிப்பும் வெளில வரும், மறைஞ்சிருந்த குறையும் வெளில வரும். முழுசா ஆறினதும் சில டீ பால் கலந்த மாதிரி கலங்கிப் போகும், கெட்டுப் போச்சுன்னு பயப்பட வேணாம், தியாஃப்ளேவினும் காஃபீனும் சேர்ந்து படியறதுதான் அது, அஸ்ஸாம்ல நிறைய நடக்கும், பொதுவா நல்ல சத்துள்ள டீக்கு அடையாளம்.

குறைன்னா எப்படி இருக்கும்

தட்டையா, உயிரில்லாம இருந்தா பழசு இல்லன்னா ஈரம் பட்டது. ரொட்டி கருகின மாதிரி இருந்தா உலர்த்துறப்போ சூடு அதிகம், இங்கிலீஷ்ல பேக்கின்னு சொல்வாங்க. பூஞ்சை வாடை வந்தா சேமிப்பு சரியில்ல. புகை வாடை வந்தா, லாப்சாங் சூசோங் மாதிரி வேணும்னே புகை போட்ட டீ இல்லாத பட்சத்துல, அது உலர்த்துற அடுப்புல இருந்து கசிஞ்சது. டீ சுத்தி இருக்கற வாடை எல்லாத்தையும் இழுத்துக்கும், அதனால மசாலா சோப்பு பக்கத்துல வைக்காம, காத்தும் வெளிச்சமும் புகாத டப்பால வைங்க. ஒரு டீல குறை தெரிஞ்சா அந்த தோட்டமே சரியில்லன்னு எழுதிடாதீங்க, அது அந்த லாட்டோட குறை, இல்ல வழில யாரோ வச்சிருந்த விதத்தோட குறை.

மறைச்சு வச்சு குடிக்கிறது

பிரபலமான தோட்டத்து பேர் தெரிஞ்சா நாக்கு அதுக்கு சாதகமா பேசும், யாருக்கும் இது விதிவிலக்கு இல்ல. கப்புக்கு அடில ஒட்டுப் பேப்பர்ல பேர் எழுதி ஒட்டிட்டு வேற யாரையாவது இடம் மாத்தி வைக்க சொல்லுங்க. இதை விட கறாரான சோதனை ஒண்ணு இருக்கு, மூணு கப்பு, ரெண்டுல ஒரே டீ, ஒண்ணுல வேற, எது வேறன்னு சொல்லணும். சும்மா அடிச்சு விட்டாலே மூணுல ஒரு தடவை சரியா வரும், அதனால ஒரு தடவை சொன்னது கணக்கு இல்ல. தொடர்ந்து நாலு தடவை சரியா சொன்னீங்கன்னா அது குருட்டு அதிர்ஷ்டத்துல நடக்க 81ல ஒரு வாய்ப்புதான், அப்ப தைரியமா இந்த ரெண்டு டீக்கும் வித்தியாசம் எனக்கு தெரியுதுன்னு சொல்லிக்கலாம். பக்கத்து பக்கத்து தோட்டத்து டீயை வச்சு இதை பண்ணிப் பாருங்க, நினைச்சதை விட கஷ்டம், அவ்வளவு சுவாரஸ்யம்.

மூணுக்கு மேல டீ வச்சா வரிசை முக்கியம். மெல்லிசுல இருந்து கனத்துக்கு போங்க, ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், நுவரெலியா மாதிரி டீ முதல்ல, அஸ்ஸாம், கென்யா கடைசில. துவர்ப்பு வாய்ல சேந்துக்கிட்டே போகும், நடு நடுவுல வெதுவெதுப்பான தண்ணில வாய் கொப்பளிங்க. ஒரு சுத்து முடிஞ்சதும் அதே டீயை எதிர் வரிசைல ஒரு தடவை ஓட்டுங்க, வரிசையால வந்த வித்தியாசம் எது, டீயால வந்தது எதுன்னு பிரிஞ்சுரும்.

பால் ஊத்தலாமான்னு கட்டாயம் கேப்பீங்க. பால்ல இருக்கற கேசீன் பாலிஃபினாலை பிடிச்சுக்கறதால துவர்ப்பு அமுங்கிடும், மெல்லிசான டார்ஜிலிங் பால்ல காணாமப் போயிடும், ஆனா அஸ்ஸாம், கென்யா சிடிசி எல்லாம் பாலோட குடிக்கவே பண்றது, அதை பால் இல்லாம மட்டும் பாத்து மார்க் போடுறது நியாயமில்ல. ரெண்டு விதமாவும் பாருங்க, பால் அளவு மட்டும் சிரிஞ்ச் வச்சு மில்லி கணக்குல ஒண்ணா இருக்கட்டும், ஊத்தினதும் நிறம் பளிச்சுன்னு ஆரஞ்சுக்கு போகுதா, சாம்பல் கலந்த பழுப்புக்கு போகுதான்னு கவனிங்க, முதல்ல சொன்னதுதான் நல்ல டீ. சர்க்கரை வேணவே வேணாம்.

நோட்டுல தேதி, தோட்டம், லாட், கிரேடு, கிராம், தண்ணி, நேரம் முதல்ல எழுதிட்டு அப்புறம் ருசி எழுதுங்க. மார்க் கொடுக்கறதுல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்ல, இன்னிக்கு 8 போட்ட டீக்கு நாளைக்கு 7 போடுவோம், ஆனா "இதுக்கு பக்கத்துல அது கொஞ்சம் மங்கல்"னு எழுதினது ஆறு மாசம் கழிச்சு படிச்சாலும் உபயோகப்படும்.

சீசன் வித்தியாசம் நல்லா பிடிபட்டதும் அடுத்து ஒரே தோட்டம், ஒரே சீசன், வேற வேற செடி ரகம், அதாவது ஒரு ஏவி2 லாட்டும் ஒரு சைனா ரகமும் வச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் ஒரே சீசன்ல பக்கத்து பக்கத்து தோட்டம். வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடணும்னு ஆசை இருந்தா இப்பவே ஒவ்வொரு டீலயும் ஒரு 10 கிராம் எடுத்து காத்து போகாம சீல் பண்ணி பேர் தேதி எழுதி இருட்டுல வைங்க. அடுத்த வருஷ லாட் வந்ததும் பக்கத்துல வச்சுக் குடிக்கலாம், ஆனா பழசு கொஞ்சம் மங்கிருக்கும், ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் இன்னும் வேகமா மங்கும், அஸ்ஸாம் மாதிரி டீ நல்லா தாங்கும், அதனால பழைய டீக்கு எதிரா புதுசு ஜெயிச்சா அதை மட்டும் வச்சு புது வருஷம்தான் உசத்தின்னு எழுதாம, பழைய நோட்ஸையும் எடுத்துப் பாத்துட்டு எழுதுங்க.